கம்யூனிட்டி காலேஜில் படித்து லேப் டெக்னீஷியன் ஆவது எப்படி? அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

"ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலைதானே? அதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா?"

லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரப்போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டது இது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்த் தெருமுனை லேபில் கையில் ரப்பர் கட்டி ரத்தம் எடுப்பவரே உள்ளே போய் மெஷினில் வைப்பார், சாயங்காலம் ரிப்போர்ட்டையும் கவரில் போட்டு அவரே கொடுப்பார். அமெரிக்காவில் அந்த ஒரு வேலை நான்கைந்து பேருக்குப் பங்கு பிரிந்து கிடக்கிறது. எந்தப் பங்கு நமக்கு வேண்டும் என்று தெரியாமல் விண்ணப்பம் போட்டு ஆறு மாதம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரத்தம் எடுப்பவர் ஃபிளபாட்டமிஸ்ட். சில மாதப் பயிற்சி போதும். வரும் சாம்பிளை வாங்கிப் பதிந்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, உரிய மேசைக்கு அனுப்புகிறவர் லேப் அசிஸ்டன்ட். சோதனையைச் செய்து, வந்த எண்ணை நம்பலாமா என்று பார்த்து, டாக்டரின் திரைக்கு அனுப்புகிறவர்தான் மெடிக்கல் லேபரட்டரி டெக்னீஷியன், சுருக்கமாக எம்.எல்.டி. நியூயார்க் மாநில உரிமத்தில் இவருக்குப் பெயர் கிளினிக்கல் லேபரட்டரி டெக்னீஷியன். இரண்டு ஆண்டு அசோசியேட் டிகிரி வேண்டும், அது கிடைக்கும் இடம் பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ். இவருக்கு மேல் நான்காண்டு டிகிரி படித்த எம்.எல்.எஸ்., அதாவது மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட். பல மருத்துவமனைகளில் இந்த இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். சம்பளத்திலும் பதவி உயர்விலும்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் உங்கள் பழைய டிகிரியை வெளியே எடுங்கள்

ஊரில் டி.எம்.எல்.டி.யோ பி.எஸ்ஸி. எம்.எல்.டி.யோ முடித்து, சில ஆண்டுகள் மருத்துவமனை லேபில் வேலையும் பார்த்தவரா? அவசரப்பட்டுக் கல்லூரியில் சேர வேண்டாம். இங்கே சான்றிதழ்த் தேர்வு நடத்தும் முக்கிய அமைப்பு ஏ.எஸ்.சி.பி. அந்தத் தேர்வை எழுதப் பல தகுதி வழிகள் உண்டு. வெளிநாட்டு டிகிரியும் அனுபவமும் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றில் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துப் பாடவாரியாக மதிப்பீடு வாங்குங்கள். பிறகு ஏ.எஸ்.சி.பி. தளத்தில் எந்த வழி பொருந்துகிறது என்று பாருங்கள். இரண்டு வருடம் மிச்சமாகலாம். மதிப்பீட்டுக்குக் கொடுக்கும்போது சுருக்க அறிக்கை கேட்காதீர்கள், பாடவாரி அறிக்கையே கேளுங்கள். காசு கூடுதல்தான், ஆனால் கல்லூரியும் ஏ.எஸ்.சி.பி.யும் கேட்பது அதைத்தான்.

என்னைப் போல் பி.எஸ்ஸி. நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ படித்தவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. சில பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் டிகிரி முடித்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வருட எம்.எல்.எஸ். பயிற்சி நடத்துகின்றன. கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம். ஆனால் இடங்கள் குறைவு, கட்டணம் அதிகம், பக்கத்தில் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. எனக்கு மிக அருகில் இருந்ததே ஒன்றரை மணி நேர டிரைவ். பையன் இரண்டாம் வகுப்பு. கம்யூனிட்டி காலேஜ் பதினைந்து நிமிடத் தூரம். முடிவு தானாகவே ஆகிவிட்டது.

பி.காம்., பி.இ., பிளஸ் டூ என்று வேறு எது படித்திருந்தாலும் கம்யூனிட்டி காலேஜ் உங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும். என் வகுப்பில் முன்னாள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார், ரத்த அணுக்களை அடையாளம் காண்பதில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டி.

நாக்கல்ஸ் அங்கீகாரம் இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். லேப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு நாக்கல்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் தேசிய முகமை. அதன் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால் ஏ.எஸ்.சி.பி. தேர்வுக்கு நேரடித் தகுதி வந்துவிடும். 'மெடிக்கல் அசிஸ்டன்ட் லேப் கோர்ஸ்', 'ஒன்பது மாத டிப்ளமா' என்று விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்களில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் தேர்வே எழுத முடியாது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் துறையில் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

நாக்கல்ஸ் தளத்தில் மாநில வாரியாகத் தேடலாம். நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் வர்ஜீனியாவின் நார்த்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜ், ராலேயின் வேக் டெக், ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ், ஓஹாயோவின் கொலம்பஸ் ஸ்டேட் ஆகியவை எம்.எல்.டி. நடத்தும் கல்லூரிகள். சேரும் முன் அங்கீகாரம் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேர்ச்சி விகிதம், வேலைக்குப் போனவர்களின் விகிதம் ஆகியவற்றையும் இந்தக் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். கல்லூரிப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், தேடி எடுங்கள்.

கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் சான்றிதழோடு மாநில உரிமமும் தனியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் எம்.எல்.டி. உரிமம் பெற்றவர் செய்யக்கூடிய சோதனைகளுக்கே வரம்பு உண்டு. கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறி அந்தப் பக்கம் குடிபெயர வாய்ப்பிருந்தால் இப்போதே யோசியுங்கள்.

விசா, பணம்

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவராக, இருப்பவர்கள் படிக்கத் தடை இல்லை. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் வேலை செய்ய இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். துணைவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி எச்-1பி நீட்டிக்கப்பட்டிருந்தாலோதான் எச்-4 இ.ஏ.டி. கிடைக்கும். இந்த விதி 2015இல் வந்தது. இ.ஏ.டி. எப்போது வரும் என்று தெரியாமலே படிப்பைத் தொடங்கியவர்கள் உண்டு, நானும் அதில் ஒருத்தி. துணிந்து செய்யலாம், கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டும். விசா விஷயத்தில் வாட்ஸ்ஆப் குழுவை நம்பாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கட்டணம் கிரெடிட் கணக்கில். மொத்தம் அறுபது முதல் எழுபது கிரெடிட் வரும். ஒரே வகுப்புக்கு உள்ளூர்வாசிக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. எச்-4காரரை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வீட்டு ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சேர்க்கை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். கவுண்டரில் இருப்பவருக்கே எச்-4 என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம், பொறுமையாகச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் கல்வி உதவிக்கு கிரீன் கார்டோ குடியுரிமையோ வேண்டும். அதிலும் நம்மவர்கள் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பெல் கிராண்ட் என்பது திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை, 2024-25ஆம் கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு அது கிடையாது, அந்தப் பட்டம் இந்தியாவில் வாங்கியதானாலும் சரி. ஊர் டிகிரியை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் நண்பர்கள் கிடைப்பார்கள். வேண்டாம். கடனும், கல்லூரி அறக்கட்டளை தரும் சிறு உதவித்தொகைகளும் கிடைக்கின்றன. அந்த அறக்கட்டளைப் படிவங்களை நிரப்புகிறவர்கள் மிகச் சிலரே, ஆகவே நிரப்புங்கள்.

சேருவதற்கு முந்தைய ஆண்டு

கல்லூரியில் சேருவது ஒன்று, எம்.எல்.டி. பிரிவுக்குள் நுழைவது வேறு. முதலில் ஆங்கிலம், கணிதம், வேதியியல், உடற்கூறியல் போன்ற அடிப்படைப் பாடங்களை முடிக்க வேண்டும். பிறகுதான் பிரிவுக்கு விண்ணப்பம். அங்கே இடங்கள் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மருத்துவமனை லேபில் பயிற்சி இடம் வேண்டும். ஊர் டிகிரியின் மதிப்பீட்டைக் காட்டி அடிப்படைப் பாடங்களில் சிலவற்றுக்கு விலக்கு கேட்கலாம். ஆனால் அறிவியல் பாடம் படித்து ஐந்து, ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. எனக்கு வேதியியலை மறுபடி படி என்றார்கள். கோபம் வந்தது. முதல் செமஸ்டரிலேயே நீர்த்தல் கணக்கில் நான் தடுமாறியதைப் பார்த்தபோது கோபம் போய்விட்டது.

நிறக்குருடு இருந்தால் முன்கூட்டியே பிரிவுத் தலைவரிடம் பேசுங்கள். ஊதா, இளஞ்சிவப்பு, நீல நிறங்களை வேறுபடுத்திப் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அடுத்து, பெயர். சிரிக்காதீர்கள், இது பெரிய தலைவலி. அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இங்கே ஒரு ஆவணத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், இன்னொன்றில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எஃப்.என்.யூ. இருக்கும். கல்லூரிப் பதிவு, தடுப்பூசிச் சான்று, பின்னணி விசாரணை, ஏ.எஸ்.சி.பி. விண்ணப்பம், தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் நாளே பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

தடுப்பூசிகளை மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குவது நல்லது. ஹெபடைடிஸ் பி வழக்கமான முறையில் மூன்று ஊசி, முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆறு மாதம். கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது. தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்குச் சிறுவயது அட்டை தொலைந்திருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் அளவைக் காட்டும் டைட்டர் சோதனை போதும்.

காசநோய்ச் சோதனையில் கவனம் தேவை. குழந்தையில் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நமக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம் மார்பு எக்ஸ்ரே, கடிதம், அலைச்சல். இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் ரத்தச் சோதனை பி.சி.ஜி.யால் குழம்பாது. 'எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கிறார்கள், ரத்தச் சோதனை வேண்டும்' என்று முதலிலேயே கேளுங்கள். இவற்றோடு பின்னணி விசாரணையும் போதைப்பொருள் சோதனையும் உண்டு.

வகுப்பில் உண்மையில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்

மெஷின் எல்லாவற்றையும் செய்கிறதே, டெக்னீஷியன் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மெஷின் எண்ணைத் தரும், அவ்வளவுதான். அந்த எண்ணை எப்போது நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு வருடம் படிக்கிறோம். மற்ற பாடமெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதல் வாரமே டியூப் மூடிகளின் நிறம். ரத்தக் கல்ச்சர் பாட்டில் முதலில், அடுத்து வெளிர்நீலம், பிறகு சிவப்பு அல்லது தங்க நிறம், பச்சை, லாவெண்டர், கடைசியில் சாம்பல். ரத்தம் எடுக்கும் வரிசை இது. மனப்பாடம் செய்யச் சொன்னபோது பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். எதற்கு என்று புரிந்தது மருத்துவமனைப் பயிற்சியின் மூன்றாம் வாரத்தில்தான்.

வேதியியல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நோயாளியின் பொட்டாசியம் 14 என்று வந்தது. இயல்பு 3.5 முதல் 5 வரை. எனக்கு வியர்த்துவிட்டது, போனை எடுத்து வார்டுக்குச் சொல்லக் கை போய்விட்டது. எனக்குப் பயிற்சி தந்த பெண்மணி, முப்பது வருட அனுபவசாலி, திரையை எட்டிப் பார்த்து, "கால்சியம் எவ்வளவு?" என்றார். இரண்டுக்கும் கீழே. இயல்பு 8.5க்கு மேல் இருக்க வேண்டும். "ஆல்கலைன் பாஸ்படேஸ்?" அதுவும் தரைமட்டம். "இந்த ஆள் உயிரோடு இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் காபியை எடுத்துக் குடித்தார். வார்டில் விசாரித்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஒரு டியூபில் ரத்தம் போதவில்லை. யாரோ லாவெண்டர் மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டார்கள். லாவெண்டர் டியூபில் இருப்பது பொட்டாசியம் இ.டி.டி.ஏ. ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கூடவே தன் பொட்டாசியத்தையும் கொட்டும். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். மூன்று எண்களும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றன. ரத்தம் எடுக்கும் வரிசை மாறி ஒரு டியூபின் மருந்து அடுத்ததில் கலந்தாலும் இதே குழப்பம்தான். அந்தப் பொட்டாசியத்தை மட்டும் நம்பி வைத்தியம் பார்த்திருந்தால் நல்ல மனிதருக்கு ஆபத்து வந்திருக்கும். அன்றிலிருந்து டியூப் வரிசையை நான் ஒப்பிப்பதில்லை, காரணத்தோடு சொல்வேன்.

ரத்த அணுக்களைப் பார்க்கும் ஹெமட்டாலஜியிலும் இதே பாடம்தான், உடை மட்டும் வேறு. டெங்கு காலத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டுப் பயந்தவர்கள் நாம். சிலருக்கு அதே இ.டி.டி.ஏ. டியூபுக்குள் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் குவியலை எண்ணாமல் விட்டுவிட்டு 40,000 என்று சொல்லும். ஸ்லைடில் ரத்தப் படலம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் கொத்துக் கொத்தாகத் தெரியும். வெளிர்நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மையான கணக்கு. இன்னொரு எளிய சோதனையும் உண்டு: ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு, வர வேண்டும். 12 என்றால் 36. சிவப்பணுக்கள் இயல்பாக இருந்தும் கணக்கு இடறினால், சாம்பிளில் ஏதோ கோளாறு என்று நிமிர்ந்து உட்காருவோம்.

ஸ்லைடில் படலம் போடுவது கைத்தொழில். ஒரு சிறு துளி, அதன் முன்னால் இன்னொரு ஸ்லைடை முப்பது, நாற்பது பாகையில் சாய்த்து, பின்னால் இழுத்துத் துளியைத் தொடவிட்டு, ஒரே வீச்சில் முன்னே தள்ள வேண்டும். நுனி இறகு மாதிரி மெலிந்து முடிய வேண்டும். நடுவில் தயங்கினால் கோடு விழும், அழுத்தினால் வெள்ளணுக்கள் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். எனக்குச் சரியாக வர இருநூறு ஸ்லைடு ஆனது. வீட்டில் தக்காளிச் சாறு வைத்துப் பழகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் செய்து பார்த்து மேசை விரிப்பை இழந்தவள். கல்லூரி லேப் திறந்திருக்கும் நேரத்தில் கூடுதலாகப் போய் உட்காருவதுதான் வழி.

நுண்ணுயிரியலில், பாக்டீரியாக்களை நிறத்தால் இரு வகையாகப் பிரிக்கும் கிராம் சாயம். கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின். மூன்றாவதில்தான் எல்லோரும் சறுக்குவது. ஆல்கஹால் சில விநாடி கூடிப்போனால் ஊதாவாக இருக்க வேண்டிய பாக்டீரியா இளஞ்சிவப்பாகித் தன் பெயரையே மாற்றிக்கொள்ளும், டாக்டர் வேறு மருந்து கொடுப்பார். பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளின் வாசனை பிடித்துப்போகும், ஆனால் மோந்து பார்க்கக் கூடாது. அந்தப் பழக்கம் பழைய தலைமுறையோடு போக வேண்டியது.

ரத்த வங்கிதான் எல்லோருக்கும் பயம். இங்கே தவறுக்கு மறுவாய்ப்பு இல்லை. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டிய அடிப்படைதான் இன்றும். நோயாளியின் அணுக்களை ஒருமுறை, அவருடைய பிளாஸ்மாவை ஒருமுறை, இரு பக்கமும் சோதித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் வகையை எழுதலாம். எங்கள் ஆசிரியை பம்பாய் ரத்த வகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்தது. அணுக்களை மட்டும் சோதித்தால் ஓ வகை என்று தோன்றும். ஆனால் அவருக்கு ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. பிளாஸ்மாவைச் சாதாரண ஓ அணுக்களோடு சேர்த்தால்தான் குட்டு உடையும். நம் நாட்டில் மற்ற இடங்களைவிட இது சற்று அதிகம் என்பதால் எனக்கு அந்தப் பாடம் மட்டும் மறக்கவே இல்லை.

தரக் கட்டுப்பாடு என்ற பாடம் அலுப்பாக இருக்கும். தினமும் தெரிந்த அளவுள்ள கண்ட்ரோல் சாம்பிளை ஓட்டி, லீவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைத்து, வெஸ்ட்கார்ட் விதிகளோடு ஒப்பிட வேண்டும். தேர்விலும் முதல் வேலையிலும் அதிகம் கை கொடுத்தது இதுதான். தூங்காமல் கேளுங்கள்.

மருத்துவமனைப் பயிற்சி

இரண்டாம் ஆண்டில் வரும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் வார்டுகளின் காலை ரத்தமெல்லாம் முடிந்தாக வேண்டும். குழந்தை இருந்தால் ஆறு மாதம் முன்பே ஏற்பாட்டைப் பேசி வையுங்கள். நான் அம்மாவை வரவழைத்தேன். ஊசி குத்தும் வேலை என்று சொன்ன அதே அம்மா, காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்கு இட்லி வைத்துக் கொடுத்தார்.

மூடிய ஷூ, கட்டிய தலைமுடி, லேபுக்குள் போனும் தின்பண்டமும் கூடாது. தொங்கும் கம்மலும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். ஊசியோ உடைந்த கண்ணாடியோ குத்தினால் வெட்கப்பட்டு மறைக்காமல் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். மருந்து தேவைப்பட்டால் அதற்கு நேரம் முக்கியம்.

ரத்தம் எடுக்கும்போது, "நீங்கள்தானே இன்னார்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் முழுப் பெயர், பிறந்த தேதி சொல்லுங்கள்" என்று அவர் வாயால் வரவழைத்து, கைப்பட்டையோடு ஒப்பிட்டு, கட்டிலை விட்டு நகரும் முன்பே டியூபில் லேபிள் ஒட்டுங்கள். தவறான ரத்தம் ஏறி நடக்கும் விபத்துகளில் பெரும்பங்கு இந்த அடையாளக் குழப்பத்தால்தான்.

அபாய அளவு முடிவு வந்தால் வார்டுக்குப் போன் செய்து, கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் என் உச்சரிப்பு புரியாதோ என்று போன் அடிக்கவே பயந்தேன். எண்களைத் தனித்தனியாக, மெதுவாகச் சொன்னால் போதும். ஆறு புள்ளி எட்டு. அவ்வளவுதான்.

இன்னொன்று. கணினியில் உங்கள் கணவருடைய ரிப்போர்ட்டையோ பக்கத்து வீட்டுக்காரருடையதையோ திறந்து பார்க்காதீர்கள். நல்லெண்ணத்தில் பார்த்தாலும் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டப்படி அது குற்றம், யார் எப்போது திறந்தார்கள் என்று பதிவாகும். தமிழ்ச் சங்கத்தில் யாராவது, "நம்ம ரிப்போர்ட் வந்திருச்சான்னு பாரேன்மா" என்று கேட்டால், முடியாது அண்ணா என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தேர்வும் முதல் வேலையும்

ஏ.எஸ்.சி.பி.யின் எம்.எல்.டி. தேர்வு 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம், கணினியில். நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்விகள் கடினமாகும். அதனால் நடுவில் கை நடுங்கினால் நன்றாக எழுதுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 முதல் 999 வரையிலான அளவுகோலில் 400 எடுத்தால் தேர்ச்சி. வேதியியலும் ஹெமட்டாலஜியும் தலா 20 முதல் 25 சதவீதம், ரத்த வங்கியும் நுண்ணுயிரியலும் தலா 15 முதல் 20, மிச்சம் சிறுநீர், நோயெதிர்ப்பியல், லேப் நிர்வாகம். முதற்கட்ட முடிவு எழுதி முடித்ததும் திரையிலேயே தெரியும். பட்டம் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் பாக்டீரியாக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். ஏ.எம்.டி. என்ற இன்னொரு அமைப்பின் சான்றிதழையும் பல இடங்களில் ஏற்கிறார்கள், ஆனால் வேலை விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவது ஏ.எஸ்.சி.பி.தான். தேர்ச்சி பெற்ற பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 36 புள்ளிகள் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில், எம்.எல்.டி., எம்.எல்.எஸ். இரண்டையும் சேர்த்து, இந்த வேலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 60,780 டாலருக்கு மேல் வாங்கினார்கள். எம்.எல்.டி. மட்டும் என்றால் அதற்குக் கீழே எதிர்பாருங்கள். மென்பொருள் சம்பளத்தோடு ஒப்பிட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. வேலை கிடைப்பது மட்டும் கஷ்டமில்லை. எங்கள் வகுப்பில் பலருக்குப் பயிற்சி எடுத்த லேபிலேயே இடம் கிடைத்தது. அதனால் பயிற்சியை ஆறு மாத நேர்காணல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இ.ஏ.டி. கையில் இருந்தால் படிக்கும்போதே பகுதிநேர லேப் அசிஸ்டன்ட் வேலைக்குப் போவது இன்னும் நல்லது.

முதலில் தருவது பெரும்பாலும் இரவுப் பணி. பகலில் பத்துப் பேர் இருக்கும் லேபில் இரவில் இருவர், சின்ன மருத்துவமனையானால் ஒருவரே. நேர்காணலில், "இரவில் நான் தனியாகவா, துணைக்கு ஆள் உண்டா? எத்தனை வாரம் பயிற்சி தருவீர்கள்? ரத்த வங்கியில் தனியாக விடுவதற்கு முன் எத்தனை கிராஸ்மேட்ச் செய்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். கிராஸ்மேட்ச் என்பது ஏற்றப்போகும் ரத்தம் நோயாளியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை. நான் சென்ற முதல் இடத்தில் ஆறு வாரப் பயிற்சி என்று சொல்லிவிட்டு, மூன்றாம் வாரமே இரவில் தனியாக விடப் பார்த்தார்கள். இன்னும் தயாராகவில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். முகம் சுளித்தார்கள், ஆனால் மீதி மூன்று வாரத்தையும் கொடுத்தார்கள்.